தோட்டா எங்கே போய் நிற்கிறது?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரும் சாலையில் நார்த்தாமலைக் குன்றுகளைப் பார்க்காமல் யாரும் வர முடியாது. விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்க ஏறுபவர்களுக்கு அந்தப் பாறைகள் நன்றாகத் தெரியும். அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பசுமலைப்பட்டியில் காவலர்கள் துப்பாக்கி சுடப் பழகும் தளம் ஒன்று இருந்தது வெளியூர்க்காரர்களில் பலருக்கு 2021 டிசம்பர் வரை தெரியாது. அந்த மாதம் 30ஆம் தேதி மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தோட்டா தளத்தைத் தாண்டிப் போனது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் அது பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. 2022 ஜனவரி 3ஆம் தேதி அவன் இறந்தான். தளம் மூடப்பட்டது.

அடுக்குமாடி வீட்டில் தற்காப்புக்கு எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்ற கேள்விக்குப் பதில் தேட வந்த அத்தியாயம் ஏன் ஒரு மலையடிவாரத்தில் தொடங்குகிறது என்று நீங்கள் நினைக்கலாம். வாங்க நினைப்பவர்கள் கேட்பதெல்லாம் துப்பாக்கியைப் பற்றித்தான்: எடை எவ்வளவு, எத்தனை குண்டு, ரிவால்வரா பிஸ்டலா. இயற்பியலுக்கு அவை சில்லறை விஷயங்கள். விசையை அழுத்திய பிறகு அந்தச் சின்ன ஈயத் துண்டு எங்கே போய் நிற்கப்போகிறது என்பதுதான் அது கேட்கும் கேள்வி. புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கித் தோட்டா வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. எடை 4 கிராம்தான். காற்றே இல்லாத உலகில் 45 பாகைச் சாய்வில் சுட்டால் அது 80 கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும். நார்த்தாமலையில் சுட்டது தஞ்சாவூரைத் தாண்டிவிடும். நிஜத்தில் அது மூன்று கிலோமீட்டர் சுமாருக்கு மேல் போவதில்லை. மீதி முழுவதையும் காற்று பிடுங்கிக்கொள்கிறது. ஒலியைவிட வேகமாகப் போகும் பொருளுக்கு முன்னால் காற்று விலகி வழிவிட நேரம் கிடைப்பதில்லை. அது அமுங்கி அதிர்வலையாகிறது. அந்த அலையை உண்டாக்கும் செலவு தோட்டாவின் வேகத்திலிருந்து போகிறது. முதல் சில நூறு மீட்டரில் வேகம் மளமளவென்று சரியும். ஒலியின் வேகத்துக்குக் கீழே வந்ததும் சரிவு நிதானப்படும். இரண்டு கிலோமீட்டர் தாண்டி வரும் தோட்டா களைத்துப்போன தோட்டாதான். ஆனால் தோலைத் துளைக்க வினாடிக்கு 60, 70 மீட்டர் வேகம் இருந்தாலே போதும். தளத்துக்குப் பின்னால் மண்மேடு எழுப்புவதும், அதற்கும் பின்னால் மலை இருக்கும் இடமாகப் பார்ப்பதும், அதையும் மீறிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லாத வெளியை ஒதுக்குவதும் இதற்காகத்தான். குறியைத் தவறவிடுபவன் எப்போதும் இருப்பான், பாறையில் பட்டுத் தெறிக்கும் தோட்டாவும் எப்போதும் இருக்கும் என்ற அனுமானத்தில் போடப்படும் கணக்கு அது.

இதே மாவட்டம் இதற்கு நேரெதிரான பாடத்தையும் வைத்திருக்கிறது. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்டார். பறக்கும் களிமண் தட்டை 12 போர் துப்பாக்கியால் உடைக்கும் விளையாட்டு அது. ஒரு தோட்டா உறைக்குள் 24 கிராம் ஈயம். ஆனால் அது ஒரே குண்டாக இல்லாமல் ஏறத்தாழ 300 ரவைகளாக இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டருக்கு உட்பட்டது. வெளியேறும் வேகம் வினாடிக்கு 400 மீட்டர் அளவில் இருந்தாலும் 200 மீட்டர் சுமாரில் எல்லாம் தரையில் உதிர்ந்துவிடும். காரணம் எளிது. குண்டின் விட்டத்தைப் பாதியாக்கினால் காற்றை எதிர்க்கும் முகப்பு நாலில் ஒரு பங்காகிறது, எடையோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. உந்திக்கொண்டு போகும் கனம் குறைய, தடுக்கும் காற்று ஒப்பளவில் கூடுகிறது. சின்ன ரவை சீக்கிரம் தோற்கும். ஒரே ஈயம், ஒரே மருந்து. எப்படிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது, அது பக்கத்து வயலில் விழுமா பக்கத்து ஊரில் விழுமா என்பது.

அப்படியானால் வீட்டுக்கும் ரவைத் துப்பாக்கிதான் நல்லதோ என்று கேட்கலாம். திறந்தவெளியில் அந்த வாதம் சரி. பத்தடிக்குப் பதினாறடி ஹாலில் ரவைகள் பிரிய இடமே இல்லை. மூன்று மீட்டரில் அவை உள்ளங்கை அளவுக்குள் ஒரே கூட்டமாகப் போய் மோதும். சினிமாவில் காட்டுவதுபோல் குத்துமதிப்பாகச் சுட்டால் எல்லாரும் விழ மாட்டார்கள். நீளக் குழலைத் திருப்பவும் வீட்டு நடைவழி போதாது.

கைத்துப்பாக்கிக்கு வருவோம். இந்தியாவில் இந்தத் தேர்வில் பாதியைச் சட்டமே முடித்துவைத்துவிடுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் அளவுகளைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. உலகமெங்கும் பரவலாக விற்கும் 9 மில்லிமீட்டர் அதில் அடக்கம். மிஞ்சுவது பெரும்பாலும் .32. கான்பூரில் அரசு ஆலை தயாரிக்கும் ஆறு குண்டு ரிவால்வர், பழைய வெப்லியின் வழிவந்தது. 2014இல் வந்த ‘நிர்பீக்’ அதன் தம்பி: டைட்டானியக் கலவையில் அரைக்கிலோ எடை, அறிமுக விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கான ஆயுதம் என்று விளம்பரப்படுத்தினார்கள். அந்த விலைக்கு எந்தப் பெண்ணை மனதில் வைத்தார்களோ தெரியவில்லை. லைசென்ஸ் புதுக்கோட்டையில் கலெக்டர் கையில் இருக்கிறது, 21 வயது முடிந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. துப்பாக்கி செய்யும் ஊர் நமக்குப் பக்கத்திலேயே, திருச்சி நவல்பட்டில், 1966 முதல் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதால் லைசென்ஸ் சுலபமாகக் கிடைத்துவிடாது.

.32 ரிவால்வரில் போடும் தோட்டா 1896இல் பிறந்தது. ஆறரை கிராமுக்கு உட்பட்ட ஈயம், வினாடிக்கு இருநூறு மீட்டருக்குச் சற்று மேல் வேகம். ஆற்றல் கணக்கைப் போட்டால் 150 ஜூல் சுமாருக்கு வரும். 9 மில்லிமீட்டருக்கு 500 ஜூல், பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு 3,300க்கு மேல். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்துக்கு 130 ஜூல். ஆம், .32 தோட்டாவும் வேகப்பந்து வீச்சாளரின் பந்தும் ஆற்றலில் ஏறத்தாழச் சமம். வித்தியாசம் பரப்பில். பந்தின் முகப்பு தோட்டாவின் முகப்பைப்போல் எண்பது மடங்குக்கு மேல் பெரியது. பந்து தன் ஆற்றலை விலா முழுக்கப் பரப்பிக் கன்றிப்போகச் செய்யும். தோட்டா அதையே சுண்டுவிரல் நகமளவு இடத்தில் இறக்கி உள்ளே போய்விடும்.

இதிலேயே ஒரு சினிமாப் பொய்யும் உடைகிறது. சுடப்பட்டவர் பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவார் என்பது அது. தோட்டாவின் உந்தம், சுட்டவர் கையில் வாங்கிய உதைக்கு மேல் இருக்க வழியில்லை. நியூட்டனின் மூன்றாம் விதி இருபக்கமும் ஒரே கணக்குத்தான் எழுதும். 9 மில்லிமீட்டர் தோட்டா 70 கிலோ மனிதரின் உடம்பில் முழுக்கத் தங்கினாலும் அவரை நகர்த்தும் வேகம் வினாடிக்கு நாலு சென்டிமீட்டர். கைத்துப்பாக்கிக்கு ஆளைத் தள்ளும் சக்தி கிடையாது, உடனே முடக்கிவிடும் சக்தியும் கிடையாது. முக்கியமான ரத்தக் குழாயிலோ மூளையிலோ முதுகுத் தண்டிலோ பட்டாலொழியச் சுடப்பட்டவர் இன்னும் பல வினாடி இயங்க முடியும். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இதை நேரில் அனுபவித்தார்கள். அதன் பிறகுதான் ஜெலட்டின் கட்டியில் சுட்டு, தோட்டா குறைந்தது 12 அங்குலமாவது உள்ளே போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று அளவு வைத்தார்கள். அந்த மேல்வரம்பைக் கவனியுங்கள். ஆளைத் துளைத்து வெளியே வரும் தோட்டா இன்னொருவரைத் தேடிப் போகிறது என்பதை ஒப்புக்கொள்ளும் எண் அது.

தோட்டாவை உடம்புக்குள்ளேயே நிறுத்த ஒரு வழி, மோதியதும் அது காளான்போல் விரியும்படி செய்வது. அந்த யோசனைக்கும் இந்திய முகவரி உண்டு: கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம் ஆயுதச்சாலை, 1890கள். போரில் இது கொடூரம் என்று 1899 ஹேக் மாநாடு தடைசெய்தது. அதே வகைத் தோட்டாவை இன்று பல நாட்டுப் போலீசார் ஊருக்குள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள், பின்னால் நிற்பவருக்குப் பாதுகாப்பு என்று. முரண்பாடுபோல் தெரிந்தாலும் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே இயற்பியல்.

இப்போது சுவர். இணையத்தில் இது பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்க வீட்டுக்கானது. அங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா அப்படிப்பட்ட பல சுவர்களை வரிசையாகத் துளைத்துப் போகும். நம் ஊர் வீடு வேறு. வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், அறைக்கும் அறைக்கும் நடுவே நாலரை அங்குலம், இருபுறமும் சிமென்ட் பூச்சு, மேலும் கீழும் கான்கிரீட். .32 ஈயக் குண்டு நாலரை அங்குலச் செங்கலில் அப்பளமாகிவிடும். ஹாலோ பிளாக் கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. அதன் ஓடு ஓர் அங்குல கனம்தான், உள்ளே வெற்றிடம். ஆனாலும் மொத்தத்தில் புதுக்கோட்டைக் கொத்தனார் கட்டிய சுவர் கலிபோர்னியாச் சுவரைவிடத் தோட்டாவுக்கு நல்ல எதிரி.

இந்த நிம்மதி நிலைக்காது. திருடன் சுவர் வழியாக வருவதில்லை. அவன் வருவது முன்கதவு வழியாக, பால்கனி வழியாக, சமையலறை ஜன்னல் வழியாக. நீங்கள் சுடப்போகும் திசை அவன் நிற்கும் திசைதான். அவனுக்குப் பின்னால் இருப்பது அவன் வந்த திறப்பு. முன்கதவு ஒன்றேகால் அங்குல ஃப்ளஷ் கதவு. மூடியிருந்தாலும் தோட்டா அதைக் கதவாகவே மதிக்காது. அதற்கு அந்தப் பக்கம் ஐந்தடி நடைவழி, அதற்கு நேரெதிரே அதே அளவு ஃப்ளஷ் கதவு, அதன் பின்னால் சத்தம் கேட்டு என்ன ஏது என்று கதவுத் துளையில் கண்வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமா. பால்கனிப் பக்கம் சுட்டால் கண்ணாடி, பிறகு தெரு, பிறகு அடுத்த கட்டடத்தின் ஜன்னல். .32 தோட்டா தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும்; புதுக்கோட்டைக் கீழராஜ வீதியிலிருந்து ஊரின் பாதியைத் தாண்டிவிடும். அடுக்ககத்தில் ஆள் வரும் வழியெல்லாம் தோட்டா வெளியே போகும் வழியும்தான்.

சுவரில் பட்டாலும் கதை முடிந்தது என்று சொல்ல முடியாது. செங்குத்தாகப் பட்டால் சிதையும். சாய்ந்து பட்டால் தெறிக்கும். கேரம் போர்டில் காய் பட்ட கோணத்திலேயே திரும்பும் என்று பழகிய நமக்கு இது வினோதமாகத் தெரியும்: கான்கிரீட், கிரானைட் போன்ற கெட்டிப் பரப்பில் பட்ட தோட்டா, வந்த கோணத்தைவிடக் குறைந்த கோணத்தில், சுவரை ஒட்டியபடியே வழுக்கிப் போகும். நடைவழிச் சுவரோரம் ஒண்டி நிற்பது பாதுகாப்பு என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அதுதான் மோசமான இடம்.

குறி தவறாதே, அப்புறம் எதற்கு இந்தப் பயம் என்று கேட்பவருக்கு நியூயார்க் போலீசின் கணக்கு இருக்கிறது. பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் காவலர்கள் அவர்கள். ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வுப்படி, எதிராளியும் சுடும் மோதல்களில் அவர்களுடைய தோட்டாக்களில் குறியில் பட்டவை நூற்றுக்கு 18. எதிராளி சுடாதபோதுகூட 30தான். தூக்கத்திலிருந்து எழுந்து, கண்ணாடியைத் தேடி, இருட்டில் நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இதைவிட மேலான எண்ணை நான் கொடுக்க மாட்டேன். ஆறு குண்டு சுட்டால் ஐந்து, எவருக்கென்று குறித்தோமோ அவரைத் தவிர வேறெங்கோ போகிறது. ஆகவே முதல் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது குறி தவறிய தோட்டாவைத்தான். அந்தக் கண்ணோடு பார்த்தால், பலரும் பலவீனம் என்று இளக்காரமாகப் பேசும் .32தான் அடுக்ககத்துக்குப் பொருத்தமானது. 9 மில்லிமீட்டரைத் தடுத்துவைத்திருக்கும் சட்டம் வேறு காரணத்துக்காக எழுதப்பட்டது. நம் எதிர்வீட்டுக்காரருக்கு அது தற்செயலாக நல்லது செய்திருக்கிறது.

பட வேண்டியவர் மேலேயே பட்டாலும் அவர் யாரென்று தெரிய வேண்டும். 2013 பிப்ரவரி 14 அதிகாலை, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், ஓட்டவீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் வீட்டுக் கழிவறைக் கதவு வழியாக 9 மில்லிமீட்டர் பிஸ்டலால் நான்கு முறை சுட்டார். உள்ளே திருடன் என்று நினைத்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். உள்ளே இருந்தவர் அவருடைய தோழி ரீவா ஸ்டீன்காம்ப். நீதிமன்றம் கடைசியில் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. மரக்கதவு தோட்டாவைத் தடுக்காது. பார்வையை மட்டும் முழுதாகத் தடுத்துவிடும். இந்த இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதுதான் வீட்டுக்குள் சுடுவதன் அடிப்படைச் சிக்கல்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைத்துப்பாக்கியின் வெடிச்சத்தம் 155 டெசிபலுக்குக் குறையாது; 140ஐத் தாண்டும் ஒரே ஒரு வெடிப்பே காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். திரைச்சீலையும் மெத்தையும் குறைவான, டைல்ஸ் போட்ட நம் அறைகளில் அது எதிரொலித்துப் பெருகும். சுட்டவருக்கு அதன் பிறகு வீட்டுக்குள் யார் அழைத்தாலும் சரியாகக் கேட்காது.

இன்னொரு கணக்கு, திருடன் வராத இரவுகளைப் பற்றியது. வருடம் 365 இரவில் அவன் வருவது அபூர்வம். துப்பாக்கி மட்டும் எல்லா இரவும் வீட்டில் இருக்கும். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு வைத்திராதவர்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களிடம் 35 மடங்கு. மன உளைச்சல் வந்து போகும் கணங்களில் பல உயிர்கள் தப்புவது, கையெட்டும் இடத்தில் அப்படியொரு பொருள் இல்லாததால்தான். குழந்தைகளைப் பற்றி 1995இல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது: ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேருக்கு, கடையில் விற்கும் கைத்துப்பாக்கிகளின் விசையை இழுக்கும் விரல் பலம் இருக்கிறது. பீரோவின் மேல்தட்டு என்பது பூட்டு ஆகாது. விதிகளும் பாதுகாப்பாகப் பூட்டிவைக்கத்தான் சொல்கின்றன. ஆனால் பூட்டிய பெட்டி, தனியே வைத்த குண்டு, இருட்டில் சாவி என்று கூட்டினால் எடுத்து நிரப்ப ஆகும் நேரம் அரை நிமிடத்துக்குக் குறையாது. அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டுயலர் 1983இல் அளந்து காட்டினார்: கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியைக் கடக்க ஒன்றரை வினாடி. நம் ஹாலின் நீளம் அதைவிடக் குறைவு.

இரவில் வீடு உடைத்து வருபவரிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பழைய தண்டனைச் சட்டமும் தந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவும் தருகிறது. தேவைக்கு மீறிய தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் எதிர்வீட்டு மாமாவுக்கு அந்தச் சட்டப்பிரிவில் பங்கில்லை. அவர் மேல் பட்ட குண்டுக்குத் தனி வழக்கு.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்க, பெற்றோர் மட்டும் பூட்டிக்கொண்டு கிடக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுடைய பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அவர்கள் கேட்டால் நான் சொல்வது: ரிவால்வர் விலையில் பாதிக்கு முன்கதவை மாற்றுங்கள், வெளியே கிரில் கேட், உள்ளே தேக்குக் கதவு, நிலையில் ஆழமாக இறங்கும் தாழ்ப்பாள் மேலும் கீழும். படுக்கையறைக்கும் அதே தாழ்ப்பாள், உள்ளே ஒரு போன். நேரம் வாங்கித்தருவதில் இதற்கு ஈடான ஆயுதம் இல்லை, குறி தவறவும் தவறாது.

அதற்குப் பிறகும் துப்பாக்கிதான் வேண்டும் என்பவர் லைசென்ஸ் மனு எழுதும் முன் வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஆள் வரக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும், தான் நிற்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் பென்சிலால் கோடு இழுத்து, காகிதத்தின் ஓரம் வரை நீட்டட்டும். கதவு, ஜன்னல், பிளைவுட் அலமாரி, பிள்ளைகள் படுக்கும் அறை எதையாவது தொடும் கோட்டை அடிக்கட்டும். செங்கலில் செங்குத்தாக முட்டும் கோட்டை மட்டும் விடட்டும். இரண்டு படுக்கையறை கொண்ட எங்கள் வீட்டுக்கு நான் போட்டுப் பார்த்ததில் அடிபடாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சமையலறை மேடையிலிருந்து குளியலறைச் சுவருக்குப் போகிறது. அந்த வழியாக வர வேண்டுமென்றால் திருடன் ஏற்கெனவே வீட்டுக்குள் குளித்துக்கொண்டிருக்க வேண்டும்.